சுண்டுவிரல் மரத்துப்போன ஆண்டு: ஒரு பக்கவாத்தியக்காரியின் வரவு செலவு

2022 செப்டம்பரில் சென்னையில் ஒரு திரைப்பட ஒலிப்பதிவுக் கூடத்தில் எட்டு வயலின்களுள் ஒருத்தியாக இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தாங்கியில் மேற்கத்திய முறையில் எழுதிய இசைக்குறிப்பு, காதில் ஹெட்போன், அதற்குள் தாளத்தைக் காட்ட விடாமல் அடித்துக்கொண்டிருக்கும் க்ளிக். ஏ தந்தியில் சுண்டுவிரலை வைத்து ஈ ஸ்வரத்தைப் பிடிக்க வேண்டிய ஓரிடம் வந்தது. முப்பது ஆண்டுகளாக யோசிக்காமல் செய்துவரும் காரியம் அது. விரல் தந்தியின் மேல் போய் நின்றது, ஆனால் அழுத்தவில்லை. ஸ்வரத்துக்குப் பதிலாகச் சீழ்க்கைபோல ஒரு கீச்சொலி எழுந்தது. மூன்றாவது டேக்கிலும் அதே இடத்தில் அதே கீச்சொலி. கண்ணாடிக்கு அப்பாலிருந்து, "இரண்டாவது வரிசையில் யாரோ விடுகிறீர்கள்" என்று ஒரு குரல் பொதுவாகச் சொன்னது. அடுத்த டேக்கில் நான் திறந்த தந்தியில், அதாவது விரலே வைக்காமல் ஈ தந்தியில், வாசித்துச் சமாளித்தேன். பக்கத்தில் இருந்தவர் என் இடதுகையைப் பார்த்தார். பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. கால்ஷீட் முடிந்து வண்டியை எடுக்கப் போனபோதுதான், சாவியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துத் திருகவும் இடதுகையில் வலுவில்லை என்பது தெரிந்தது. அடுத்து வந்த நவராத்திரிக் கச்சேரிகளுக்குப் பிறகு, முழுக் கச்சேரி ஒன்றுக்கு மேடையேற எனக்குப் பத்து மாதங்களுக்கு மேல் ஆயிற்று. இந்தக் கதையை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் பாதிப் பணமும் பாதி நாட்களும் மிஞ்சியிருக்கும் என்பதால், கூச்சத்தை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன்.

முதலில் என் பிழைப்பு எதனால் ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெளியில் இருப்பவர்களுக்குக் கர்நாடக இசை வயலின் கலைஞர் என்றால் மார்கழியில் மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் பட்டுப் புடவையோடு உட்கார்ந்திருப்பவர்தான் நினைவுக்கு வருவார். அது என் தொழிலில் ஒரு பங்குதான். 2019ஆம் ஆண்டுக் கணக்கு நோட்டை இப்போதும் வைத்திருக்கிறேன். அந்த ஆண்டு வாசித்த 68 கச்சேரிகளில் வானொலியையும் சேர்த்து 2,70,000 ரூபாய், வகுப்புகளில் 2,10,000, திரைப்பட ஒலிப்பதிவுகளில் 1,05,000, நாட்டிய அரங்கேற்றங்களிலும் நடனக் குழுக்களுக்கான பதிவுகளிலும் 65,000, வெளிநாட்டுப் பயணத்தில் செலவு போக 90,000. மொத்தம் 7,40,000. சராசரியாகக் கச்சேரிக்கு நாலாயிரம் ரூபாய் என்று வகுத்துப் பார்த்து நானே திடுக்கிட்டேன். மார்கழியில் மதிய வேளைக் கச்சேரிக்குக் கிடைக்கும் சன்மானம் ஆட்டோ கூலிக்குச் சற்று மேல் இருக்கும்; அங்கே கேட்டுவிட்டு வேறு யாராவது கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் வாசிக்கிறோம். ஒவ்வொரு வேலையும் வேறொரு திறமையைக் கேட்கிறது. ஐந்தரைக் கட்டை என்ற உயர்ந்த ஸ்ருதியில் பாடும் பெண்மணிக்கும் ஒரு கட்டை என்ற தாழ்ந்த ஸ்ருதியில் பாடும் ஆண் பாடகருக்கும் ஒரே வயலினை முறுக்கியும் தளர்த்தியும் வாசித்தால் தந்தி ஒன்று அறும், அல்லது தொளதொளவென்று உயிரில்லாமல் ஒலிக்கும். அதனால் இரண்டு வயலின்கள் வைத்திருக்கிறேன். திரைப்பட வேலைக்கு ஜி, டி, ஏ, ஈ என்று மேற்கத்திய ஸ்ருதியில் கூட்டிய மூன்றாவது ஒன்று. நாட்டியத்துக்கு வாசிக்கும்போது கண் ஆடுபவரின் காலில் இருக்க வேண்டும், காது தாளம் தட்டி ஜதி சொல்லும் நட்டுவாங்கத்தில் இருக்க வேண்டும், ஒத்திகைகளுக்குத் தனியாகப் பணம் கிடையாது. இந்த நோட்டைப் பார்த்து, ஒன்று போனாலும் நான்கு இருக்கிறது, நாம் ஐந்து கால்களில் நிற்கிறோம் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். வகுப்பைத் தவிர மற்ற நான்கும் ஒரே இடதுகையின் ஐந்து விரல்களில் நிற்கின்றன என்பது அப்போது உறைக்கவில்லை. இளையவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த நோட்டைப் போடச் சொல்லித்தான். போடும்போது, கை ஓய்ந்தாலும் வரக்கூடிய வருமானம் எது என்று தனியே ஒரு பத்தி இழுத்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் அந்தப் பத்தியில் ஒரே ஒரு தொகைதான் இருந்தது.

தொல்லை செப்டம்பரில் தொடங்கியதல்ல. அந்த ஆண்டு மே முதல் ஜூலை வரை பதினொரு வாரங்கள் ஒரு பாடகருடன் அமெரிக்கச் சுற்றுப்பயணம் போயிருந்தேன். பத்தொன்பது கச்சேரிகள்; நடுவில் பல வீடுகளில் தங்கி, காலையில் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு, பகலில் ஐந்தாறு மணி நேரக் கார்ப் பயணம், மாலையில் மேடை. இரண்டு ஆண்டு பெருந்தொற்றில் வருமானமின்றி இருந்துவிட்டுப் போனவளாதலால், எதற்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. காரில் முழங்கையைக் கதவின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, கைப்பேசியைக் காதில் வைத்து மணிக்கணக்காகப் பேசினேன். இரவில் கையை மடக்கித் தலைக்கு அணைகொடுத்துத் தூங்கினேன். ஜூன் இரண்டாம் வாரத்தில் ஒருநாள் காலையில் சுண்டுவிரலும் மோதிரவிரலின் வெளிப்பாதியும் மரத்திருந்தன. உதறியதும் சரியாகிவிட்டது. பிறகு தினமும் காலையில் மரத்தது. பிறகு கச்சேரியின் இரண்டாவது மணி நேரத்திலும் மரத்தது. இதை நான் பொருட்படுத்தாததற்கு நம் வாசிப்பு முறையே ஒரு காரணம். ஸ்வரத்தை அசைக்கும் கமகங்களையும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்கும் ஜாருகளையும் பெரும்பாலும் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்தே இழைக்கிறோம். ஒரு தோடி ஆலாபனையைச் சுண்டுவிரலின் உதவி ஏறக்குறைய இல்லாமலே வாசித்துவிடலாம். அதனால் அந்த விரல் செத்துக்கொண்டிருந்த மூன்று மாதமும் மேடையில் யாருக்கும், எனக்கே கூட, வித்தியாசம் தெரியவில்லை. நான்கு விரலையும் சமமாகக் கேட்கிற மேற்கத்திய இசைக்குறிப்பு முன்னால் வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. கர்நாடக வயலின் மட்டும் வாசிப்பவர்கள் வாரத்துக்கு ஒருநாளாவது நான்கு விரலாலும் மெதுவாக ஒரு வரிசை வாசித்துப் பாருங்கள் என்று இப்போது என் மாணவிகளிடம் வற்புறுத்துகிறேன். அது சாதகமாக மட்டும் இல்லாமல் பரிசோதனையாகவும் இருக்கும்.

பயணம் என்று வந்துவிட்டதால் இரண்டு விஷயங்களை இங்கேயே சொல்லிவிடலாம். வயலினை ஒருபோதும் சரக்கு அறைக்குக் கொடுக்காதீர்கள். அமெரிக்க விமான நிறுவனங்களைப் பொறுத்தவரை, ஏறும் நேரத்தில் தலைக்கு மேலுள்ள பெட்டியறையில் இடம் இருந்தால் வயலின் போன்ற சிறு வாத்தியத்தைக் கைச்சாமானாக அனுமதித்தாக வேண்டும் என்று 2015 முதல் அந்நாட்டு விதி இருக்கிறது. அந்த விதியை அச்சடித்து வயலின் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன், இரண்டு முறை அது காப்பாற்றியது. மற்ற நாட்டு நிறுவனங்களுக்கு அது பொருந்தாது என்பதால், இங்கிருந்து கிளம்பும் முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தந்திகளைச் சற்றுத் தளர்த்தலாம்; நான்கையும் ஒரேயடியாகத் தளர்த்திவிட்டால் தந்திகளைத் தாங்கும் குதிரை சாய்ந்துவிடும், உள்ளே நிற்கிற குச்சியும் விழுந்துவிடும், இறங்கியதும் அதை நிறுத்தித் தர ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும். இரண்டாவது விஷயம் பணம். சுற்றுலா விசாவில் போய்ச் சன்மானம் வாங்கி வாசிக்கச் சட்டம் இடம் தராது. நம்மவர்கள் பெரும்பாலும் போவது கலைஞர்களுக்கான பி-3 (P-3) விசாவில், அதற்கு அங்கிருப்பவர் ஒருவர் மனுப் போட வேண்டும். மனுப் போட்டவரே கச்சேரிகளையும் ஏற்பாடு செய்து, பணத்தையும் தன் கையில் வைத்திருந்தால் நம்மால் எதுவும் பேச முடியாது. கடைசி மூன்று கச்சேரிகளுக்கு எனக்கு வர வேண்டிய 700 டாலர் இன்றுவரை வரவில்லை. கேட்டபோதெல்லாம் கனிவாகப் பேசினார்கள். பேசிய தொகை, எத்தனை கச்சேரி, எந்தத் தேதிக்குள் கொடுப்பார்கள் என்று ஒரு மின்னஞ்சல் என்னிடம் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். என்னிடம் இருந்தது தொலைபேசியில் கேட்ட, "அதெல்லாம் பார்த்துக்கலாம் அக்கா" என்ற ஒரு வாக்கியம்தான்.

ஜூலைக் கடைசியில் ஊர் திரும்பியதும் செய்த முதல் தவறு, கையைக் கழுத்து வலியோடு சேர்த்துப் பார்த்தது. தெரிந்தவர் ஒருவர் கழுத்தை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்; தேய்மானம் என்றார்கள். நாற்பத்து நான்கு வயதில் யாருடைய கழுத்தை எடுத்தாலும் ஏதாவது தேய்மானம் தெரியத்தான் செய்யும் என்று பின்னால் ஒரு மருத்துவர் சொல்லிச் சிரித்தார். வலி மாத்திரை மூன்று வாரம் சாப்பிட்டேன், எனக்கு வலியே கிடையாது, மரப்புதான் என்பதை யாரிடமும் தெளிவாகச் சொல்லாமல். பிறகு ஒரு மேடை நண்பர் சொன்னதைக் கேட்டு, எண்ணெய் தேய்த்து நரம்பை எடுத்துவிடுபவர் ஒருவரிடம் ஒன்பது நாள் போனேன். அவர் அழுத்தித் தேய்த்தது சரியாக முழங்கையின் உட்புறத்தை. தொட்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று இழுக்கும். "வேலை செய்கிறது பாருங்கள்" என்பார். நானும் நம்பினேன். இந்தச் சுற்றுக்கு மட்டும் 23,000 ரூபாயும் இரண்டு மாதமும் போயின. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பெரிய கோபம், ஸ்ருதி ஒரு நூலிழை விலகினால் கண்டுபிடிக்கிற காதை வைத்துக்கொண்டு, சொந்தக் கை சொன்னதைக் கேட்காமல் இருந்த என்மேல்தான்.

அந்த ஒலிப்பதிவுக்குப் பிறகும் உடனே போகவில்லை. நவராத்திரிக்கு ஒப்புக்கொண்ட ஐந்து கச்சேரிகளை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். நான்காவது கச்சேரியில் பாடகி காம்போஜியில் இரண்டாம் காலத்தில் ஸ்வரம் பாடி, கணக்கோடு முடியும் ஒரு நீண்ட ஸ்வரக் கோர்வையை வைத்தார். தார ஸ்தாயியில் அதைத் திருப்பி வாசிக்கும்போது என் மோதிரவிரல் தந்தியில் சறுக்கி, ஒரு ஸ்வரம் முழுதாக விழுந்துவிட்டது. மிருதங்கக்காரர் தலையாட்டுவதை நிறுத்தி ஒரு நொடி என்னைப் பார்த்தார். அவையில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அன்றிரவு கண்ணாடியின் முன் இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தேன். இடதுகையில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் சதை வற்றி ஒரு சிறு குழி விழுந்திருந்தது.

அக்டோபர் நடுவில்தான் கை அறுவை மருத்துவர் ஒருவரிடம் போனேன். அவர் செய்த சோதனை எனக்கு மறக்காது. ஒரு தாளை என் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் கொடுத்து, விடாமல் பிடிக்கச் சொல்லி இழுத்தார். வலதுகையில் தாள் கிழிந்தது. இடதுகையில் கட்டைவிரலின் நுனி தானாக மடங்கியது, தாள் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. பிறகு நரம்பில் மின்துடிப்பு எப்படிப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை. மற்றச் சோதனைகளோடு சேர்த்து 6,500 ரூபாய். சிக்கல், சுண்டுவிரலுக்குப் போகும் அல்நார் நரம்பில். அது முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் ஒரு குறுகிய பாதை வழியாகப் போகிறது. தெரியாமல் இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்குமே, அந்த இடம். கை நன்றாக மடங்கியிருக்கும்போது நரம்பு இழுபட்டு அங்கே அழுத்தம் கூடுகிறது. வயலின் வாசிப்பவரின் இடதுகை மணிக்கணக்காக மடங்கியே இருக்கிறது. தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கும் நமக்கும் அதே நிலைதான். அதோடு கைப்பேசி, தூக்கம், கார்க் கதவு எல்லாம் சேர்ந்துகொண்டன. "மரப்பு மட்டும் இருந்தபோது வந்திருந்தால் இரவில் கையை நீட்டி வைக்கும் கட்டோடு பெரும்பாலும் முடித்திருக்கலாம், சதை வற்றிய பிறகு வந்திருக்கிறீர்கள்" என்றார். நான்கு வாரம் கட்டுப் போட்டுப் பார்த்தோம். இரவு மரப்பு குறைந்தது, வலு வரவில்லை. நவம்பர் 28 அன்று அறுவை சிகிச்சை செய்து நரம்பின் மேலிருந்த இறுக்கத்தை விடுவித்தார்கள். நசுங்கிய நரம்பு ஒருநாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் என்ற வேகத்தில்தான் மீண்டு வளரும் என்று கேட்டவுடன், முழங்கையிலிருந்து விரல்வரை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். மார்கழியை விடுங்கள், சித்திரையும் ஆடியும் கூட அந்தக் கணக்கில் போய்விட்டன. யாருக்காவது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் மரத்தால், மாத்திரையும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். நேராக நரம்பு அல்லது கை மருத்துவரிடம் போய், நான் வாத்தியம் வாசிப்பவள் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். முடிந்தால் வாத்தியத்தையும் எடுத்துப் போய் அங்கேயே உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். நான் காட்டிய பிறகுதான் அவருக்குக் கை எவ்வளவு மடங்குகிறது என்பதே புரிந்தது.

உடம்பைவிட அதிகமாக நான் சொதப்பியது சொல்லவேண்டியவர்களிடம் சொல்வதை. அந்த மார்கழிக்குப் பதினான்கு கச்சேரிகள் ஒப்புக்கொண்டிருந்தேன். வாசிக்கக்கூடாது என்று மருத்துவர் சொன்னது அக்டோபர் நடுவில். நான் பாடகர்களுக்கும் சபாக்களுக்கும் சொன்னது நவம்பர் 8. இடையில் மூன்று வாரம், எப்படியாவது சரியாகிவிடும் என்று மறைத்தேன். பயம் தான் காரணம். பக்கவாத்தியக்காரருக்குக் கை சரியில்லை என்று ஒருமுறை பேச்சு கிளம்பினால், குணமான பிறகும் அது அடங்காது. எங்கள் காலத்தில் பெண் வயலின் கலைஞரை ஆண் பாடகர்கள் தயங்கித்தான் கூப்பிட்டார்கள். இருபது ஆண்டு உழைத்துப் பிடித்த இடத்தை ஒரு வதந்தியில் இழக்க மனம் வரவில்லை. அதற்குள் இரண்டு சபாக்களில் அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. ஒரு செயலாளர் தொலைபேசியில் போட்ட சத்தத்தில் நியாயம் இருந்தது. மூத்த பாடகர் ஒருவர் மட்டும் நிதானமாக, "ஏம்மா, இதை அக்டோபரிலேயே சொல்லியிருந்தா நல்ல ஆளா ஒருத்தரைப் போட்டிருப்பேனே, இப்போ எல்லாரும் புக் ஆயிட்டாங்க" என்றார். அப்போதுதான் புரிந்தது: நான் வராமல்போவது அவருக்கு ஒரு சங்கடம்தான், தாமதமாகச் சொன்னதுதான் அவமரியாதை. இதில் கற்றுக்கொண்டது, விலகும்போது பெயர்களோடு விலக வேண்டும். மீதிக் கச்சேரிகளுக்கு நானே மூன்று இளையவர்களிடம் பேசி, எந்தப் பாடகருக்கு எந்தக் கட்டை, ஒரு வரியை விரித்துப் பாடும் நிரவலில் யார் வயலினுக்கு இடம் விடுவார், யார் விடமாட்டார் என்பதுவரை சொல்லி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு பாடகரிடம் தெரிவித்தேன். அந்த மூவரில் இருவர் அடுத்த ஆண்டு தங்களால் போகமுடியாத கச்சேரிகளுக்கு என் பெயரைச் சொன்னார்கள்.

பணத்தை மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். மார்கழிக் கச்சேரிகள் போனதில் 82,000, ஒலிப்பதிவுகளில் 62,000, தை முதல் ஆடிவரை விட்ட கச்சேரிகளில் 1,10,000, நாட்டிய வேலைகளில் 30,000. செலவில், முன்பு சொன்ன 23,000, சோதனைகள் 6,500, அறுவை சிகிச்சைக்கான 1,12,000இல் காப்பீடு 76,000 கொடுத்ததுபோகக் கையிலிருந்து 36,000, பிசியோதெரபி 18,000. கூட்டினால் 3,67,500 ரூபாய். வராத டாலர் தனி. மருத்துவக் காப்பீட்டை அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் கட்டாயப்படுத்தி எடுக்க வைத்தார், இல்லையென்றால் நகையை வைத்திருப்பேன். ஆனால் நான் விபத்துக் காப்பீடும் வைத்திருந்தேன், வருமான இழப்புக்கு அது கைகொடுக்கும் என்று நினைத்திருந்தேன். மெல்ல மெல்ல வந்த நோய் விபத்தாகாது என்று ஒரு பைசா கிடைக்கவில்லை. பத்திரத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது, படிக்காதது நான். எதிர்பாராமல் வந்த ஒரே நல்ல பணம் வரித்துறையிடமிருந்து. சபாக்களும் திரைப்பட நிறுவனங்களும் பத்து விழுக்காடு பிடித்துக்கொண்டு கொடுத்திருந்த தொகைகளை ஒரு தணிக்கையாளர் தேடி எடுத்துக் கணக்குத் தாக்கல் செய்தார். அந்த ஆண்டு வருமானம் குறைவாக இருந்ததால் பிடித்தது முழுவதும், 11,400 ரூபாய், திரும்ப வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் எவ்வளவு விட்டிருப்பேன் என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஜிஎஸ்டி என்று யாராவது பயமுறுத்தினால், செவ்வியல் இசை நிகழ்ச்சிக்கான சன்மானம் ஒன்றரை லட்சத்துக்கு மிகாதவரை அதற்கு வரிவிலக்கு உண்டு. நம்மில் பெரும்பாலோருக்கு அந்தக் கவலை வரப்போவதில்லை.

வீட்டை ஓட்டியது வகுப்பு. கையில் கட்டோடு வயலின் சொல்லித்தர முடியுமா என்று பெற்றோர் சிலர் தயங்கினார்கள், நால்வர் நின்றுவிட்டார்கள். ஆனால் நம் இசையில் பாட்டைப் பாடித்தானே சொல்லித்தருகிறோம். நான் பாட, பிள்ளைகள் வாசித்தார்கள். இதுவரை நான் வாசித்துக் காட்டியதைப் பார்த்து விரலைக் காப்பியடித்தவர்கள் இப்போது காதால் கேட்டு ஸ்வரத்தைத் தேட வேண்டியிருந்தது. ஆறு மாதத்தில் அவர்களுடைய ஸ்வரஞானம் கூடியது, சாவேரியில் ரிஷபத்தை எங்கே வைப்பது என்று என்னிடமே வாதாடும் அளவுக்கு. இணைய வகுப்புகளை அதிகப்படுத்தினேன். அதில் சேர்ந்து வாசிப்பது நடக்காத காரியம். ஒலி வந்துசேரும் தாமதத்தில் தாளம் குலைந்துவிடும். ஸ்ருதிப்பெட்டி மாணவர் பக்கத்தில் ஒலிக்க வேண்டும், ஒருவர் பாட மற்றவர் கேட்க வேண்டும், பிறகு மாறிக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு ஒரு பதிவை அனுப்பச் சொல்லி, அதை இரண்டு முறை கேட்டுக் குறிப்பு எழுதி அனுப்பினேன். நேரடி வகுப்பைவிட அந்தக் குறிப்புகளையே பெற்றோர் மதித்தார்கள். மாதம் 28,000 ரூபாய்வரை வந்தது. மார்கழி மாலைகளில் மட்டும் வகுப்பு வைத்துக்கொள்ளவில்லை. சபாக்களுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, நான் வாசித்திருக்க வேண்டிய கச்சேரிகளை இரண்டு நாள் கேட்டேன். மூன்றாம் நாள் போகவில்லை.

மீண்டும் வயலினைத் தொட்டது 2023 பிப்ரவரி முதல் வாரத்தில். மருத்துவர் விதித்த கெடுபிடிப்படி முதலில் ஐந்து நிமிடம், பிறகு இருபது நிமிட ஓய்வு. அடுப்படி அலாரத்தை வைத்துக்கொண்டு வாசித்தேன். தந்தி இழுவை குறைவாக உள்ள தாழ்ந்த ஸ்ருதி வயலினில், தொடக்கப் பாடமான சரளி வரிசை. ஆலாபனை செய்ய விரல் துடித்தது, செய்யவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டினேன். உட்காரும் இடத்தில் மடித்த ஜமுக்காளத்தைப் போட்டு இடுப்பை உயர்த்தியதும், வயலினின் தலையை ஊன்றும் பாதத்தை அரை அடி முன்னால் தள்ளியதும், முழங்கை முன்பைவிட விரிந்து நின்றது. இவ்வளவு சிறிய மாற்றத்தை இத்தனை ஆண்டுகளாக யாரும், நானும்தான், யோசிக்கவில்லை. ஏப்ரலில் நாட்டியப் பாடல் ஒன்றின் பதிவுக்குப் போனேன்; பதிவில் நிறுத்தி வாசிக்கலாம் என்பதால் திரும்பி வருபவர்களுக்கு அதுதான் நல்ல முதல் படி. ஆகஸ்ட் கடைசியில் ஒரு கோயில் மண்டபத்தில் இரண்டரை மணி நேர முழுக் கச்சேரி. அன்று பாடியவரிடம் முன்பே சொல்லிவிட்டேன், கடைசி உருப்படிகளில் துரிதம் வேண்டாம் என்று. அவர் கேட்டுக்கொண்டு, மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைச் சற்று நீட்டச் சொல்லி மிருதங்கத்துக்குக் கண்ணைக் காட்டினார். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் நான் கையை நீட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது புதிதாக யார் கூப்பிட்டாலும், பேசி முடித்த அன்றே தேதி, நேரம், கட்டை, தொகை, ஒத்திகை உண்டா இல்லையா என்பதை நானே ஒரு செய்தியாக எழுதி அனுப்பி, சரி என்று ஒரு பதிலை வாங்கிவிடுகிறேன். தொடக்கத்தில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், மற்றவர்களுக்கு அது வசதியாகவே இருந்தது. ஒருநாளைக்கு ஒரு கச்சேரிக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. கைப்பேசியில் பேசினால் காதுக்கருவி போட்டுக்கொள்கிறேன். தூங்கும்போது இன்னும் முழங்கையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்கிறேன். சுண்டுவிரல் நுனியில் உணர்வு முழுமையாக வரவில்லை, பருத்தித் துணிக்கு மேல் தொடுவதுபோல்தான் இருக்கிறது. எந்த அழுத்தத்தில் விரல் நிற்கிறது என்பதைத் தொட்டுணர முடியாததால் ஒலியைக் கேட்டுச் சரிசெய்துகொள்கிறேன். சென்ற தை மாதம் அதே ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். இசைக்குறிப்பை முந்தின நாளே அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அனுப்பினார்கள். ஏ தந்தியில் சுண்டுவிரல் வர வேண்டிய இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டேன், மொத்தம் ஏழு. நான்கைத் திறந்த தந்திக்கு மாற்றினேன், மூன்றை விரலுக்கே விட்டேன்.